துரை மீனும் என் இங்கிலீசும்

வெள்ளிக்கிழமைகளில் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுக் கண்டி வாவியை ஒரு சுற்று நடந்து வருவது டொக்டர் எனக்குச் சொன்ன வைத்தியம். நடை என்று பேர்தான். பாதி நேரம் சுவரோரமாக நின்று மீன்களுக்குப் பொரி போட்டுக்கொண்டிருப்பேன். போன மாதம் அப்படி நிற்கும்போது தொப்பி போட்ட ஒரு பெண்பிள்ளை வந்து என் கையில் வழுவழுப்பான ஒரு கடதாசியைத் திணித்துவிட்டுப் போனாள். மேலே மலைப்பக்கம் புதிதாக ஒரு விடுதி திறக்கிறார்களாம். ஏரி, படகு, பனிமூட்டம் எல்லாம் படத்தில் இருந்தன. மூன்று மொழியிலும் விளம்பரம். தமிழில் இப்படிப் போட்டிருந்தது: “ட்ரவுட் மற்றும் பாஸ் ஈ மீன்பிடித்தல். பிடித்து விடுதலை. குடும்பத்துடன் அனுபவிக்க.”

எங்களுக்கென்று எழுதுகிற தமிழை எங்களில் ஒருவரிடம் காட்டிக் கேட்டுவிட்டு அச்சடிக்கும் வழக்கம் இந்த நாட்டில் இன்னும் வரவில்லை. பஸ்ஸிலும் அரசாங்கக் கந்தோரிலும் இதைவிட மோசமான பலகைகளை வாசித்துப் பழகியவன் நான். வீட்டில் காட்டியபோது மனைவி சிரித்தாள். மகள் அதைப் படம் பிடித்துச் சிநேகிதிகளுக்கு அனுப்பினாள். நான் மட்டும் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். இங்கிலீசில் இருக்கிற அந்தப் பூச்சியை ‘ஈ’ என்று தமிழாக்கிய முதல் பிழைகாரன் நான்தான். இந்த விடுதிக்காரர்களுக்கு ஐம்பது வருசம் முந்தியே செய்துவிட்டேன். அவர்களுடைய பிழையால் யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை. என் பிழையால் ஆனதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அதற்கு முன்னால் அந்த ‘பிடித்து விடுதலை’யைப் பற்றி ஒரு வார்த்தை. மீனின் வாயில் முள்ளை மாட்டி, அது துடிக்கத் துடிக்க இழுத்து, தூக்கிப் பிடித்துப் படம் எடுத்து, பிறகு தண்ணீரில் விடுவதற்குப் பேர் விடுதலையாம். என்னைப் பெரிய தர்மவான் என்று நினைத்துவிடாதீர்கள். காலையில் வாவி மீனுக்குப் பொரி போட்டுவிட்டு மறுநாள் மத்தியானம் மீன் குழம்புக்குத் தட்டை நீட்டுகிறவன்தான் நான். வெள்ளிக்கிழமையும் கந்தசஷ்டியும்தான் எனக்கு மரக்கறி. ஆனால் பசிக்குத் தின்கிறவன் ஆண்டவனுக்கு முன்னால் நின்று ‘பசித்தது சாமி’ என்றாவது சொல்லலாம். விளையாட்டுக்கு வாயைக் கிழித்தவன் என்னத்தைச் சொல்வான்?

சரி, தோட்டத்துக்கு வருகிறேன்.

புசல்லாவையிலிருந்து நுவரெலியாப் பக்கம் ஏறுகிற ரோட்டில், பஸ்ஸை விட்டு இறங்கி மூன்று மைல் மேலே நடந்தால் எங்கள் தேயிலைத் தோட்டத்து மேல் டிவிஷன் வரும். காட்டை ஒட்டிய இடம். வெயில் காலத்திலும் கம்பளியில்லாமல் இருக்க முடியாது. காட்டிலிருந்து வருகிற ஓடையை மறித்து வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு அணை கட்டியிருந்தார்கள். அந்தத் தண்ணீரில்தான் ட்ரவுட் மீன் இருந்தது. நுவரெலியாப் பக்கமிருந்து குஞ்சாகக் கொண்டுவந்து விட்டதாகச் சொல்வார்கள். உடம்பெல்லாம் கறுப்புப் புள்ளி, பக்கவாட்டில் றோஸ் நிறத்தில் ஒரு கோடு. லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளில் இருந்த சனங்களுக்கு ட்ரவுட் என்று சொல்ல வராது. அது ‘துரை மீன்’. தோட்டத்தை நடத்துகிற மனேஜரைத்தான் துரை என்போம். பேரிலேயே சொந்தக்காரர் யார் என்று இருக்கிறது, பார்த்தீர்களா? எங்கள் லயத்து வாசலைத் தொட்டுக்கொண்டு ஓடுகிற தண்ணீர்தான். அதில் துணி துவைக்கலாம், குளிக்கலாம், குடிக்கலாம். மீன் மட்டும் துரையுடையது.

எனக்கு இன்றைக்கும் ஈரல் வாசனை ஆகாது. கறிக்கடையைக் கடக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வேன். தோட்டத்தில் ஒரு வாச்சர் இருந்தார். அணையைக் காவல் காப்பது அவருக்கு வேலை. தபால் எடுக்கப் புசல்லாவைக்குப் போகிற ஆள் கிழமைக்கு இரண்டு தரம் ஓலைப் பெட்டியில் மாட்டீரல் வாங்கிவருவான். வாச்சர் அதை அணைக்கட்டில் உட்கார்ந்து பொடியாகக் கொத்தித் தண்ணீரில் போடுவார். துரை மீனுக்குச் சாப்பாடு. அந்த வாசனை காற்றில் லயம் வரைக்கும் வரும்.

அது எந்தக் காலம் என்பதையும் சொல்ல வேண்டும். அது பஞ்ச காலம். கூப்பன் அரிசி பாதியாகி, பிறகு அதிலும் பாதியாகி, கோதுமை மாவும் இல்லாமல் போன வருசங்கள். பேக்கரிப் பாணுக்கு விடியற்காலையில் போய் வரிசையில் நின்று வெறுங்கையோடு வருவோம். மரவள்ளிக் கிழங்கு கிடைத்தால் அன்றைக்குத் திருவிழா. கிழங்கு தீர்ந்தால் அதன் இலையை அவித்தார்கள். தோட்டத்தில் அப்படி எத்தனை வீட்டில் எத்தனை பேரைத் தூக்கினோம் என்று நான் இங்கே சொல்லப்போவதில்லை. தூக்கிய தோள் இது. அப்படிப்பட்ட நாளில் மீனுக்கு ஈரல் கொத்திப் போட்டார்கள். வெள்ளைக்காரத் துரை போய் நம் நாட்டுத் துரை வந்து வருசக்கணக்காகியிருந்தது. காக்கிக் காற்சட்டையும் வாயில் புகைக்குழாயும் மட்டும் அப்படியே இருந்தன.

என் அக்கா பார்வதிக்கு அப்போது தலைப்பிள்ளை பிறந்து இரண்டு மாதம். பால் வற்றிக்கொண்டே வந்தது. குழந்தை வாய் வைத்துவிட்டு வீல் என்று கத்தும். தோட்டத்து மருத்துவிச்சி வந்து பார்த்து, பச்சை உடம்புக்காரிக்கு மீன் ஆக்கிக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். மீன். நெத்தலிக் கருவாட்டைக்கூட நாங்கள் கண்ணால் பார்த்து மாதக்கணக்காகியிருந்தது.

அக்கா புருசன் வீரையா, என் மச்சான். அவரும் நானும் ஒரே கவ்வாத்துக் கும்பலில் தேயிலைச் செடி வெட்டிக்கொண்டிருந்தோம். எனக்கு இருபது வயது, அவருக்கு என்னைவிட எட்டு வயது கூட. குட்டையான மனிதர், கத்தியைப் பிடித்தால் நிரையில் அவர்தான் முதலில் முடிப்பார். யாரிடமும் ஒன்றும் கேட்கமாட்டார். கங்காணி ஒருநாள் தேத்தண்ணீர் நீட்டியபோதுகூட ‘இப்பதாங்க குடிச்சேன்’ என்று பொய் சொன்னவர். அந்த ரோசக்காரர், மருத்துவிச்சி சொல்லிவிட்டுப் போன ஞாயிற்றுக்கிழமை, மூங்கில் கழியும் நூலும் ஒரு டின் மண்புழுவுமாக அணைக்குப் போனார்.

ஒரு மீனும் பிடிக்கவில்லை. அதற்குள் வாச்சர் பிடித்துவிட்டார். துரையின் ஜீப்பும் அந்த நேரம் பார்த்துத்தான் வர வேண்டுமா? துரை டின்னை எட்டிப் பார்த்தார். முகம் சிவந்து, இங்கிலீசில் கத்திக் கத்தி ஒன்றையே திருப்பித் திருப்பிச் சொன்னாராம். டின்னைத் தண்ணீரில் வீசினார். மச்சானை அடிக்கவில்லை, பேரை வெட்டிச் சம்பளத்தைக் குறைக்கவும் இல்லை. போய்விட்டார்.

மச்சான் நேரே என்னிடம் வந்தார். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவன் எங்கள் லயத்தில் நான் ஒருவன்தான். தந்தி வந்தால் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். பாதி விளங்காவிட்டாலும் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு வாசிப்பேன்.

“மாப்ள, தொர என்னமோ பிளை ஒன்லி, பிளை ஒன்லின்னு கத்துனாரு. அப்படின்னா என்னாடா?”

பிளை என்றால் ஈ. ஒன்லி என்றால் மட்டும். இதுகூடத் தெரியாமலா எட்டாவது வரை படித்தேன்? இருந்தாலும் பொறுப்பானவன் இல்லையா, மறுநாள் வேலை முடிந்து வரும்போது அணைப்பக்கம் போய் அங்கிருந்த பலகையையும் பார்த்துவிட்டு வந்தேன். பெரிய எழுத்தில் அதே இரண்டு வார்த்தைகள்தான். கீழே நீளமாக வேறு என்னென்னவோ எழுதியிருந்தது. பெயின்ட் உதிர்ந்திருந்தது, வார்த்தைகளும் எனக்குத் தெரிந்தவையாக இல்லை. தெரியாததை முக்கியமில்லாதது என்று தள்ளிவிடுவது அரைகுறையாகப் படித்தவர்களின் குணம். அந்தக் குணம் என்னிடம் நிறைய இருந்தது.

“ஈ மட்டுந்தானாம் மச்சான். புழு போட்டுப் புடிக்கக் கூடாதாம். ஈ போட்டுப் புடிக்கலாம்.”

மச்சான் நம்பவில்லை. ஏன் அப்படி ஒரு சட்டம் என்று கேட்டார். நான் யோசிக்காமல், மண்புழு தின்றால் மீன் ருசி கெட்டுவிடும், துரைமார் நாக்குக்கு அது ஒத்துக்காது என்று விளக்கம் வேறு கொடுத்தேன். அவருக்கு அது நியாயமாகப் பட்டது. துரைமார் சட்டங்களில் அதைவிடக் கோணலானவற்றை அவர் பார்த்திருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை நாங்கள் இரண்டு பேரும் மாட்டுப் பட்டியில் ஈ பிடித்தோம். ஈ பிடித்துப் பார்த்திருக்கிறீர்களா? அடித்துக் கொல்வது சுலபம். நசுங்காமல் உயிரோடு பிடிப்பது பெரிய வேலை. சாணிக் குவியலுக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு, கையைக் குவித்து, பூனை மாதிரி நகர்ந்து நகர்ந்து. அக்கா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று பார்த்தாள். “கவ்வாத்து வெட்டுற ஆம்பளைங்க ரெண்டு பேரு ஈ புடிக்கிறாங்க. இதுக்கும் கங்காணி பேரு போடுவாரா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். பிள்ளை பிறந்ததிலிருந்து அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஒரு நெருப்புப்பெட்டி நிறைய ஈ சேர்ந்தது. ஓடை அணைக்குள் விழுகிற இடத்தில் மச்சான் ‘முருகா’ என்று சொல்லி நூலை விட்டார். ஈக்குப் பாரமில்லை. நூலை வீச முடியாது. தண்ணீர் இழுக்கிற வழியில் மெல்ல விட வேண்டும். எட்டு ஈ வீணாய்ப் போனது. ஒன்பதாவதை ஒரு துரை மீன் அப்படியே மேலே வந்து கவ்வியது. முழங்கை நீளம். வெயில் அதன் பக்கத்துக் கோட்டில் பட்டபோது, கோவில் தேரில் கட்டுகிற சரிகைச் சேலை மாதிரி இருந்தது. மச்சான் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தின்னப் போகிற மீனைக் கண்ணில் ஒற்றிய மனிதரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

திருடியிருந்தால் காட்டுப் பாதையால் வந்திருப்போம். மச்சான் காட்டுப் பன்னச் செடியின் தண்டில் மீனைக் கோத்துக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு ரோட்டால், பட்டப்பகலில், வாச்சர் குடிசைக்கு முன்னாலேயே வந்தார். வாச்சர் வெளியே வந்து பார்த்தபோது, “ஈதாங்க” என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு நடந்தார்.

அரை மணித்தியாலத்தில் எங்களை ஆபீசுக்குக் கூட்டிப்போனார்கள்.

ஆபீஸ் மேசையில் பேப்பரை விரித்து மீனை வைத்திருந்தார்கள். மேசைக்குப் பின்னால் துரை. பக்கத்தில் பெரிய கிளாக்கர் ஐயா, யாழ்ப்பாணத்துக்காரர், துரையின் இங்கிலீசுக்கும் எங்கள் தமிழுக்கும் இடையில் இருக்கிற ஒரே பாலம். விசயம் இதுதான்: புத்தி சொல்லி விட்ட பிறகும் திரும்பத் திருடியிருக்கிறான். பத்துச்சீட்டுக் கொடுத்து அனுப்ப வேண்டும். பத்துச்சீட்டு என்றால் தோட்டத்தை விட்டு நீக்கும் கடதாசி. வேலை போனால் லயத்தில் இருக்கிற ஒற்றை அறைக் காம்பிராவும் போகும். பஞ்ச காலத்தில், இரண்டு மாதப் பிள்ளையோடு, மழையில். வேறு எந்தத் தோட்டத்தில் எடுப்பார்கள்? நான் துரைக்குக் கும்பிடு போட்டேன். மச்சான் கும்பிடவில்லை. தன் பக்கம் நியாயம் இருக்கிறது என்று முழுதாக நம்பினார். அந்த நம்பிக்கையைக் கொடுத்தவன் நான்.

“டேய், என்னத்தைப் போட்டுப் பிடிச்சனி எண்டு துரை கேக்கிறார்,” என்றார் கிளாக்கர் ஐயா.

“தொர சொன்னதேதாங்க. புழுவத் தொடவே இல்லீங்க.” மச்சான் மடியிலிருந்து நெருப்புப்பெட்டியை எடுத்து, சாட்சி வைப்பதுபோல் மேசையில் வைத்துத் திறந்தார். மிச்சமிருந்த ஈக்கள் வெளியே வந்தன. இரண்டு மீன்மேல் உட்கார்ந்தன. ஒன்று துரையின் மூக்கைச் சுற்றியது.

கிளாக்கர் ஐயா விளங்கிக்கொண்டார். சிரிப்பை அடக்க முடியாமல் இங்கிலீசில் சொன்னார். துரை நெருப்புப்பெட்டியை எட்டிப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். உட்கார்ந்திருந்த கதிரை ஆடியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். எழுதிக்கொண்டிருந்த சின்னக் கிளாக்கர் சிரித்தார், வாசலில் நின்ற வாச்சர் ஏன் என்று தெரியாமலே சிரித்தார். கடைசியில் கிளாக்கர் ஐயா எங்களுக்கு விளக்கினார். துரைமார் பிளை என்று சொல்வது உயிருள்ள ஈயை இல்லையாம். கோழி இறகையும் நூலையும் தூண்டில் முள்ளில் கட்டி ஈ மாதிரிச் செய்கிற பொய்ப் பூச்சியாம். அதை வீசிப் பிடிப்பதுதான் கனவான்கள் முறையாம். புழு போடுவது ஈனமாம். அதோடு, பலகையின் கீழ்ப்பாதியில், துரைமாரின் மீன்பிடிச் சங்கத்து ஆட்கள் தவிர வேறு யாரும் பிடிக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறதாம். நான் முக்கியமில்லை என்று தள்ளிய பாதி.

பாருங்கள் இந்த அநியாயத்தை. பசித்தவன் திருடினான் என்பதுகூட அவர்களுக்குப் பெரிதில்லை. முதல் நாள் துரை கத்தியது மண்புழுவுக்காக.

பத்துச்சீட்டு இல்லை என்று முடிவாயிற்று. மன்னிப்பு. மீன் பங்களாவுக்குப் போனது. நாங்கள் வீட்டுக்கு வந்தோம். அக்கா மஞ்சளும் கொச்சிக்காய் மிளகாயும் அரைத்து வைத்துக்கொண்டு அடுப்புக்கு முன்னால் இருந்தாள். மச்சான் அந்த அரைத்த அம்மியைப் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டார்.

அதோடு முடிந்திருந்தால் நான் இன்றைக்கு இதை ஒரு பகிடியாகச் சொல்லியிருப்பேன். முடியவில்லை. துரைக்கு அந்தச் சிரிப்பு போதவில்லை. அடுத்த ஞாயிறு அக்கம்பக்கத்துத் தோட்டத்துத் துரைமாரும் அவர்கள் வீட்டுப் பெண்களான நோனாமாரும் அணைக்கு மீன் பிடிக்க வந்தார்கள். மடக்குக் கதிரை, குடை, சாப்பாட்டுக் கூடை. மச்சானைக் கூட்டிவரச் சொல்லி ஆள் வந்தது. பலகையைப் படித்தவனையும் கூட்டிவர வேண்டுமாம். எனக்குப் ‘புரொபசர்’ என்று பேர் வைத்தார் துரை. மச்சானுக்கு ‘ஈக்காரன்’. அதைத் தமிழிலேயே சொன்னார். மச்சான் அவர்கள் முன்னால் குந்தி உட்கார்ந்து, நெருப்புப்பெட்டியைத் திறந்து, ஒரு ஈயை எடுத்து முள்ளில் கோத்துக் காட்ட வேண்டும். அவ்வளவுதான் வேலை. அவர்கள் கை தட்டுவார்கள். அதற்கு ஒரு நாள் பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போட்டுவிடுவார்கள்.

ஒரு ஞாயிறு, இரண்டு ஞாயிறு, மூன்றாவது ஞாயிறு. லயத்தில் சிலருக்குப் பொறாமை. குந்தியிருந்து ஈயைக் காட்டினால் ஒரு நாள் பேரா என்று கேட்டார்கள். பெரட்டுக்களத்தில் வேலைக்குப் பேர் கூப்பிடும்போது பின்னாலிருந்து யாராவது ஈ மாதிரி ‘ங்ஙொய்’ என்று சத்தம் போடுவார்கள். நிரையில் முதல் ஆளாக முடிக்கிறவர் கடைசி ஆளாக முடிக்கத் தொடங்கினார். அக்காவிடம் பேசுவதும் குறைந்தது.

நான்காவது ஞாயிறு ஒரு விருந்தாளித் துரை நல்ல பெரிய மீன் ஒன்றை இறகுப் பூச்சியால் பிடித்தார். அது ஓடி ஓடிக் களைத்த பிறகு வலையில் எடுத்தார்கள். அளந்தார்கள். நிறுத்தார்கள். ஒரு சின்னப் புத்தகத்தில் எழுதினார்கள். பிறகு அந்த மனிதர் முள்ளைப் பிடுங்கிவிட்டு, வாயில் இரத்தத்தோடு, அதைத் தண்ணீரில் விட்டார். மச்சான் அதுவரைக்கும் தலை குனிந்து இருந்தவர் எழுந்து நின்றார். அங்கே அவர் வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை.

“திங்கிறதுக்கு இல்லன்னா, அது வாயக் கிழிக்கிறது எதுக்குங்க தொர? எம் பொஞ்சாதிக்குப் பாலு வத்திப் போச்சுங்க.”

எல்லாரும் திரும்பினார்கள். கிளாக்கர் ஐயா அன்றைக்கு அங்கே இல்லை. எங்கள் துரைக்குத் தமிழ் கொஞ்சம் தெரியும், வேலை வாங்குகிற அளவுக்கு. இது அவருக்கு விளங்கவில்லையோ, விளங்காத மாதிரி இருந்தாரோ, என்னைப் பார்த்து, “புரொபசர், என்ன சொல்லுறான்?” என்று இங்கிலீசில் கேட்டார்.

இத்தனை வருசம் இதை எழுதாமல் இருந்ததற்குக் காரணம் இந்த இடம்தான். எனக்கு அந்த இங்கிலீசு தெரியாது என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் வைஃப் என்ற வார்த்தை எனக்குத் தெரியும். மில்க் தெரியும். நோ மில்க் என்று சொல்வதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். மச்சான் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். துரையும் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பத்துச்சீட்டு ஞாபகம் வந்தது.

“தேங்க்யூ சேர், சொல்லுறான் சேர்,” என்றேன்.

ஒரு நோனா ‘அடடா’ என்பதுபோல் தலையைச் சாய்த்துச் சிரித்தாள். துரை மச்சானின் தோளில் தட்டினார். பிறகு அவர்கள் சாப்பாட்டுக் கூடையைத் திறந்தார்கள்.

மச்சான் எனக்கு முன்னால் நடந்தார். வருகிற வழியில் அந்த நெருப்புப்பெட்டியை ஓடையில் விட்டார். திங்கட்கிழமை வேலைக்குப் போகவில்லை. பஸ் ஏறிக் கண்டிக்குப் போய் இந்தியாவுக்குப் போகிறோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். அந்தக் காலத்தில் அது ஒரு கையெழுத்து தூரத்தில் இருந்தது. முப்பாட்டன் காலத்தில் இந்தியாவிலிருந்து வந்த எங்கள் சனங்களில் பாதிப் பேரை அங்கே அனுப்புவதென்று இரண்டு நாட்டுப் பெரிய மனிதர்களும் எங்களைக் கேட்காமலே பேசி முடித்திருந்தார்கள். மச்சான் இந்தியாவைக் கண்டவர் இல்லை. அவர் அப்பாவும் கண்டவர் இல்லை. அக்கா அழுது பார்த்தாள். அப்பாவும் அம்மாவும் சொல்லிப் பார்த்தார்கள். “இங்க இருந்தா சாகுற வரைக்கும் நான் ஈக்காரன்தான், எம் புள்ளையும் ஈக்காரன் புள்ளதான்,” என்று மட்டும் சொன்னார். குழந்தை பிழைத்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். மாரியம்மன் புண்ணியத்தில், கீழ் லயத்தில் ஒருத்தி தன் பிள்ளைக்குப் போக மிச்சப் பாலைக் கொடுத்தாள். அவள் வீட்டிலும் இலைதான் அவிந்தது.

பாஸ்போர்ட் வந்தபோது பிள்ளை தவழ்ந்துகொண்டிருந்தது. கம்பளை ஸ்டேசன். சாயந்தர நேரம். இந்தியக் கப்பலுக்காகத் தலைமன்னாருக்குப் போகிற அந்தக் கோச்சிக்கு ஒப்பாரிக் கோச்சி என்று சனங்கள் பேர் வைத்திருந்தார்கள். ஏறினவர்களும் அழுதார்கள், நின்றவர்களும் அழுதார்கள். அக்கா யன்னலில் குழந்தையைத் தூக்கிக் காட்டினாள். நான் அடுத்த யன்னலுக்குப் போய் மச்சானின் கையைப் பிடித்தேன். அன்றைக்கு அந்த வார்த்தைக்கு நான் பிழையாக அர்த்தம் சொன்னதால்தானே இவ்வளவும் என்று சொல்லத் தொடங்கினேன். முழுக்கச் சொல்ல விடவில்லை.

“ஈன்னா ஈதான் மாப்ள. நீ சொன்னதுல தப்பில்ல. றெக்கைய கட்டி ஈன்னு மீன ஏமாத்துறது அவனுங்கதான்.” கையை மெல்ல விடுவித்துக்கொண்டார். “ஆனா தேங்க்யூன்னா என்னான்னு எனக்கும் தெரியும்.”

கோச்சி நகர்ந்துவிட்டது.

நானும் தோட்டத்தில் நிற்கவில்லை. கண்டிக்கு வந்து ஒரு புடைவைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். சாப்பாடும் படுக்கையும் கடையிலேயே. அந்த விலாசத்துக்கு அக்காவிடமிருந்து கடிதம் வரும். யாரையாவது பிடித்து எழுதுவிப்பாள். நீலகிரிப் பக்கம், கோத்தகிரிக்குக் கிட்ட, அங்கேயும் தேயிலைதானாம். அங்கேயும் குளிராம். அங்கே இவர்களைச் ‘சிலோன்காரன்’ என்று கூப்பிடுகிறார்களாம். ஒரு கடிதத்தின் கடைசியில் மச்சான் சொல்லி எழுதிய இரண்டு வரி இருந்தது. இங்கேயும் ஏரி இருக்கிறது, துரை மீனும் இருக்கிறதாம், பிடிக்கக் கூடாது என்று பலகையில் தமிழிலேயே எழுதியிருக்கிறார்கள், அதனால் மாப்பிள்ளையைத் தொந்தரவு செய்யத் தேவையில்லை என்று. அந்தக் கிண்டலை நான் பத்துத் தரம் வாசித்தேன். கோபம் போய்விட்டதா, போகவில்லையா என்று அதில் தேடிக்கொண்டே இருந்தேன்.

பிறகு எண்பத்துமூன்றில் நாடு முழுக்கத் தமிழன் கடை எரிந்த அந்த ஆடி மாதத்தில் நான் வேலை செய்த கடையும் எரிந்தது. உயிர் தப்பியது கடவுள் செயல். என் தகரப் பெட்டி உள்ளே இருந்தது. கடிதங்கள், விலாசம், அக்கா அனுப்பிய ஒரே படம், எல்லாம் அதற்குள். அவர்கள் அதற்குப் பிறகு எழுதியிருந்தால், அது எந்த வாசலுக்கு வந்திருக்கும்? வாசலே இல்லை. நான் கோத்தகிரி என்று மட்டும் போட்டு எழுதிய கடிதங்கள் ஒன்றும் திரும்பியும் வரவில்லை, பதிலும் வரவில்லை. தலைமன்னாரிலிருந்து போன கப்பலும் அந்தக் காலத்தோடு நின்றது. அதற்கு முந்தியே தோட்டத்தை விட்டு வேறு பக்கம் வந்துவிட்ட அப்பாவும் அம்மாவும் மகளைத் திரும்பப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தார்கள். எங்கள் மேல் டிவிஷனில் இப்போது தேயிலையும் இல்லை, லயமும் இல்லை, காடுதான் என்று கேள்வி. அணை வண்டல் மூடிப்போனதாம். அதைப் பற்றி எனக்கு ஒரு கவலையும் இல்லை. போகட்டும்.

இன்றைக்குச் சொந்தமாக ஒரு பூசைச் சாமான் கடை வைத்திருக்கிறேன். கற்பூரம், திரி, சந்தனம். ஆண்டவன் குறை வைக்கவில்லை. வெள்ளிக்கிழமை அர்ச்சனைத் தட்டைக் கொடுக்கும்போது ஐயரிடம் வீட்டார் பேர்களோடு பார்வதி, அனுஷம், வீரையா, ரோகிணி என்றும் சொல்வேன். மச்சானுக்குத் தன் நட்சத்திரம் தெரியாது. பேரின் முதல் எழுத்தை வைத்து நானே ரோகிணி என்று முடிவு செய்தேன். இதிலும் பிழை விட்டேனோ, தெரியாது.

ஆடி அமாவாசை வந்தால்தான் திண்டாட்டம். கெட்டம்பைப் பக்கம் மகாவலிக் கரையில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் எள்ளும் தண்ணீரும் விடுகிறேன். இருந்தால் அக்காவுக்கு எழுபத்தைந்து, மச்சானுக்கு எண்பதுக்குக் கிட்ட. இருக்கிற வயதுதான், போகிற வயதும்தான். அப்பா பேர், அம்மா பேர் சொல்லி முடிந்ததும் ஐயர் ஒவ்வொரு வருசமும் அவசரத்தில் தலை நிமிராமலே கேட்பார்.

“வேற யாரும் இருக்காங்களா?”

தெரியாது என்று பதில் சொல்ல அந்தச் சடங்கில் இடமில்லை. பின்னால் ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். கையில் மிச்சமிருக்கிற எள் முழுவதையும் அப்பா அம்மா பேரிலேயே ஆற்றில் விட்டுவிட்டு எழுந்து வந்துவிடுகிறேன்.